தெரிந்த மொழிகள்: பேச, படிக்க, எழுத

வேலைக்கு மனுப் போடுகிற படிவங்களில் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கும். இடது ஓரத்தில் மொழியின் பெயர், அதற்கு நேராகப் பேச, படிக்க, எழுத என்று மூன்று காலம் (column). டிக் அடித்துக் கையெழுத்துப் போட வேண்டியதுதான். முக்கால்வாசி ஆபீஸ்களில் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கோ அந்தக் கட்டம்தான் பிழைப்பு.

பெங்களூரில் கால் சென்டர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். ஆங்கிலம் பேசுகிறவர்களை எடுக்க வேறு டீம். எங்கள் டீமுக்கு ‘ரீஜனல்’ என்று பெயர். தமிழ், கன்னடம், தெலுங்கு, மலையாளம், இந்தி ஐந்தும் எங்கள் தலையில். கடன் தவணை, இன்ஷூரன்ஸ் பிரீமியம், வந்து சேராத மளிகைப் பார்சல் என்று எதற்காவது கூப்பிடுகிறவரிடம் அவர் மொழியில் பேச ஆள் வேண்டும். ஒரே ஆளுக்கு இரண்டு மொழி தெரிந்தால் கம்பெனிக்கு ஒரு சம்பளம் மிச்சம். மூன்று தெரிந்தால் கேட்கவே வேண்டாம். இது கேண்டிடேட்டுகளுக்கும் தெரியும் என்பதால் ரெஸ்யூமில் மொழிகள் தாராளமாகவே இருக்கும். அதில் எது நிஜம், எது எவ்வளவு நிஜம் என்று போனில் பத்து நிமிஷம் பேசிப் பார்த்துச் சொல்வது என் வேலை.

இதில் ஒரு விசித்திரம். பொய் சொல்லி மாட்டுகிறவர்களைவிட, தெரிந்ததைச் சொல்லாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். 

ஒயிட்ஃபீல்டு பக்கம் பல வருஷம் இருந்த ஒரு சாஃப்ட்வேர்காரர் டீம் லீடர் வேலைக்கு வந்தார். ‘கன்னடம்: பேச’ என்று டிக். பேசச் சொன்னேன். ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி’, ‘எஷ்டு ஆயித்து’, அப்புறம் இந்த ஊருக்கு வந்த எல்லோரும் முதலில் கற்றுக்கொள்ளும் ‘கன்னட கொத்தில்லா’, அதாவது கன்னடம் தெரியாது. மூன்றாவதைத்தான் சுத்தமாகச் சொன்னார். அதே கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் வேலைக்கு வந்த அம்மா ஒருத்தர், கிருஷ்ணகிரிப் பக்கம். படிவத்தில் தமிழுக்கு மட்டும் டிக். அந்த வேலை எங்கள் டீமில் வராது, இருந்தாலும் வாய் சும்மா இருக்காதே.

“கன்னடம் தெரியாதாக்கா?”

“அது வரும்.”

“தெலுங்கு?”

“எங்க ஊர்ல பாதிப் பேரு அதானே பேசறாங்க.”

“இந்தி?”

“செக்யூரிட்டிப் பசங்ககிட்ட பேசறதுதான். அசாம் பையனுங்க, பாவம், அவங்களுக்கு வேற என்ன தெரியும்?”

பிறகு ஏன் டிக் அடிக்கவில்லை என்றேன். “படிச்சிருந்தாத்தானே தெரியும்னு போடணும்?” என்று என்னையே திருப்பிக் கேட்டார். இவருக்கு மொழி என்றால் பள்ளிக்கூடத்தில் கிடைப்பது. தெருவில் கிடைத்தது கணக்கில் வராது. அந்த சாஃப்ட்வேர்காரருக்கோ கணக்கு வேறு. ஆங்கிலம் தெரிந்தவருக்கு மற்றதெல்லாம் தன்னால் சேர்ந்துகொள்ளும் போலிருக்கிறது. 

எங்கள் தொழிலில் எம்டிஐ என்று ஒன்று உண்டு. மதர் டங் இன்ஃப்ளூயன்ஸ். ஒரு மொழி பேசும்போது தாய்மொழியின் சாயல் அதில் எவ்வளவு தெரிகிறது என்பதற்கு மார்க். ஆங்கில டீமில் பிறந்த சமாச்சாரம் இது, தமிழ் மலையாளம் வரைக்கும் இறங்கிவிட்டது. மார்க் ஷீட்டில் எம்டிஐ அதிகம் என்று எழுதினால் ஆள் அவுட். 

சிவாஜிநகரில் பிறந்து வளர்ந்த ஒரு பெண். உருது பேச, படிக்க, எழுத. கன்னடம் மூன்றும். தமிழ் பேச. இந்தி பேச. ஆங்கிலம் மூன்றும். நான் பார்த்ததில் ஒரு டிக் கூடப் பொய்யில்லாத படிவம் அது. இந்தி டெஸ்க்கில்தான் அவசரமாக ஆள் தேவைப்பட்டது, மாக் கால், அதாவது ஒத்திகைக் கால், வைத்தோம். டெல்லியிலிருந்து கிளையன்ட் மேனேஜர் லைனில் இருந்தார். அந்தப் பெண் ‘ஹௌ’ என்றாள், ‘நக்கோ’ என்றாள், ‘கைகு’ என்றாள், ‘மேரெகு தேரெகு’ என்றாள். சிவாஜிநகரில் அப்படித்தான் பேசுவார்கள். ஹைதராபாத் வரைக்கும் அப்படித்தான். மேனேஜர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, எம்டிஐ ரொம்ப ஜாஸ்தி, வேண்டாம் என்றார்.

எதன் சாயல் எதில் விழுந்தது என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. கிளையன்ட்டிடம் எல்லாம் கேட்க முடியாது. அவள் பேசியது தக்னி, தக்காணத்து உருது. 1580-ல் கோல்கொண்டா அரியணை ஏறிய முகம்மது குலி குதுப் ஷா கவிதை எழுதிய மொழி. டெல்லியில் பெரிய மனிதர்கள் கவிதை என்றால் பாரசீகம்தான் என்றிருந்த காலத்தில் இந்தப் பக்கம் தக்னியில் எழுதிக் குவித்திருக்கிறார்கள். அப்படியிருக்க, அதில் பிறந்து வளர்ந்தவளுக்கு இந்தி சரியாக வரவில்லை என்று நம் ஷீட் சொல்கிறது. அவளைக் கன்னட டெஸ்க்குக்கு அனுப்பினேன். அங்கே ஒரு புகாரும் வந்ததில்லை.

டெல்லிக்காரர்களைச் சொல்லி என்ன, சென்னை மேனேஜர்களும் அப்படித்தான். ஹாசன் பக்கத்துப் பையன் ஒருவன் வந்தான். தாத்தா காலத்திலிருந்து பேக்கரி. பெங்களூரில் தெருவுக்குத் தெரு அய்யங்கார் பேக்கரி என்று போர்டு பார்க்கிறோமே, அந்த ஹெப்பார் அய்யங்கார் வம்சம். தமிழ் பேச என்று டிக், படிக்க எழுதத் தெரியாது. வீட்டில் ரசம் எப்படி வைப்பார்கள், சொல்லு என்றேன். சமையல் கேட்டால் புத்தகத் தமிழ் வராது, வீட்டுத் தமிழ்தான் வரும் என்பதால் கேட்கிற கேள்வி. “சாத்தமுதா?” என்று தொடங்கி, பருப்புக்குக் கன்னடம், புளிக்குக் கன்னடம், வினைச்சொல் பாதிக்குப் பாதி என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. சென்னையில் இருந்தவர் “இது தமிழா?” என்று மெசேஜ் போட்டார். சில நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கே வந்தவர்கள் பத்திரமாக வைத்திருக்கும் தமிழ். தாய்மொழி எது என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்? தமிழ்தான் சொன்னான், கொஞ்சம் ரோஷமாகவே.

சரி, என் டெஸ்ட்டுக்கு வருகிறேன். கம்பெனி கொடுத்த ஸ்கிரிப்ட் ஒன்று இருக்கிறது. உங்களைப் பற்றிச் சொல்லுங்கள், பொழுதுபோக்கு என்ன, இந்தப் பத்தியை வாசியுங்கள். இதற்கெல்லாம் மனப்பாடம் போதும். யூடியூபில் வீடியோவே இருக்கிறது.

நான் முதலில் பார்ப்பது எண். போன் நம்பர் கேட்டுப் பிரயோஜனமில்லை, எந்த மொழிக்காரரும் அதை இங்கிலீஷில்தான் சொல்கிறார்கள். ரூபாயாகக் கேட்பேன். பெங்களூர்த் தமிழ்ப் பிள்ளைகள் இருநூறு முந்நூறு வரை ஜோராக வந்துவிட்டு எழுநூற்றில் தயங்குவார்கள். தொண்ணூறும் தொள்ளாயிரமும் ஒன்றோடொன்று கலந்துவிடும். இந்தி இன்னும் மோசம். அதில் நூறு வரைக்கும் ஒவ்வொரு எண்ணுக்கும் ஏறக்குறையத் தனிப் பெயர், பார்த்துக் கட்ட முடியாது, நெட்டுருதான். உன்ஹத்தர் என்றால் 69, உன்யாசி என்றால் 79, நவாசி என்றால் 89. இந்தியையே தாய்மொழியாகக் கொண்ட கான்பூர்ப் பையன்கள் இதில் திணறுவதைக் கேட்டிருக்கிறேன். தவணைப் பணம் வசூல் பண்ணும் டெஸ்க்கில் இது விளையாட்டில்லை. பத்து ரூபாய் மாற்றிச் சொன்னால் அந்த ரெக்கார்டிங் ஆடிட்டுக்குப் போய்விடும்.

இரண்டாவது டெஸ்ட்தான் முக்கியம். “நான் உன் வீட்டு ஓனர். வயசு அறுபத்தஞ்சு. இந்த மாச வாடகை ஒரு வாரம் லேட்டாகும். என்கிட்ட கேளு.” அவ்வளவுதான். எந்த மொழிக்கு டிக் அடித்தார்களோ அந்த மொழியில் கேட்க வேண்டும்.

செய்து பாருங்கள், எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று தெரியும். மரியாதை விகுதி வேண்டும். தேதி வேண்டும், தொகை வேண்டும். ‘வந்தால்’, ‘வந்ததும்’, ‘வராவிட்டாலும்’ எல்லாம் வேண்டும். காரணம் சொல்ல வேண்டும், ஆனால் ரொம்பச் சொல்லக்கூடாது. ஓனர் முனகுவதைப் புரிந்துகொண்டு நடுவில் நிறுத்தவும் தெரிய வேண்டும். பத்தி வாசிப்பில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் இங்கே ஊமையாகிவிடுவார்கள். 

ஸ்ரீராம்புரத்துத் தமிழ்ப் பையன் ஒருவன் ஞாபகம் வருகிறான். கன்னடம் அருவி மாதிரி கொட்டும். கிரிக்கெட் கிரவுண்டில் கற்றது, அவனே சொன்னான். ஜோக் அடிக்கிறான், ஏற்ற இறக்கம் எல்லாம் அச்சு அசல் பெங்களூர்க்காரன், எம்டிஐ பூஜ்யம். ஓனர் டெஸ்ட் வைத்தேன். “குரு, ஒந்து வாரா டைம் கொடு குரு” என்றான். கொடு! அறுபத்தைந்து வயது ஓனரிடம்! ‘கொடி’ என்று சொல்லுப்பா, ‘நீவு’ போட்டுப் பேசு என்றேன். கொடி என்றால் கொடுங்கள், நீவு என்றால் நீங்கள். முயற்சி செய்தான். நாலு வார்த்தை ‘நீவு’, ஐந்தாவதில் ‘நீனு’, அதாவது நீ, வந்துவிடும். அவன் வாழ்க்கையில் கன்னடத்தில் பெரியவர்களிடம் பேச வேண்டி வந்ததே இல்லை. வீட்டுப் பெரியவர்கள் தமிழ், பள்ளிக்கூடத்தில் மிஸ்ஸிடம் இங்கிலீஷ், கன்னடம் என்றால் ஃப்ரெண்ட்ஸ் மட்டும். இவனுக்குக் கன்னடம் தெரியுமா தெரியாதா? இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் போட்டால் முதல் நாளே பென்ஷன்தாரர் யாராவது ஃபோனை வைத்துவிடுவார். டெலிவரிப் பையன்கள் வழியில் மாட்டிக்கொண்டால் கூப்பிடும் ஹெல்ப்லைன் ஒன்றுக்கு ஆள் கேட்டிருந்தார்கள். அங்கே அனுப்பினேன். வண்டி பஞ்சராகி மழையில் நிற்கிற பையனுக்கு ‘நீவு’ தேவையில்லை, ‘ஏனாயித்து மகா’தான் (என்னாச்சு மச்சி) தேவை. இப்போது அவன்தான் அந்த டீமுக்கு லீடர்.

தாய்மொழிக்காரர்களும் தப்புவதில்லை. பசவனகுடியில் பிறந்த கன்னடப் பெண், கலபுரகிப் பக்கத்திலிருந்து வரும் போன் காலை எடுத்துவிட்டு “ஏன் ஹேள்தாரோ கொத்தாகல்லா”, என்ன சொல்கிறார்களோ புரியவில்லை என்று தலையில் கை வைப்பாள். எங்கள் அல்சூர்ப் பிள்ளைகளுக்கு நாகர்கோவில் கால் வந்தால் அதே கதி. “பாஸ்வேர்டு ஓர்மையில்ல பிள்ளே” என்று ஒரு தாத்தா சொல்ல, எங்கள் அல்சூர்ப் பெண் மியூட் போட்டுவிட்டுப் பக்கத்து சீட் மலையாளிப் பெண்ணிடம் அர்த்தம் கேட்டாள்.

படிவத்தில் ‘புரிந்துகொள்ள’ என்று ஒரு காலம் ஏன் இல்லை என்று எனக்கு ரொம்ப நாளாகக் குறை. ஐரோப்பாக்காரர்கள் இந்த விஷயத்தில் தேவலாம். ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் ஒரு அளவுமுறை வெளியிட்டது. ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படி. உனக்கு எத்தனை வார்த்தை தெரியும் என்று அதில் கேட்பதில்லை, உன்னால் என்ன செய்ய முடியும் என்றுதான் கேட்கிறார்கள். ஏ1 என்றால் தன் பெயர் ஊர் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளலாம், எதிராளி நிதானமாகப் பேசினால் பதில் சொல்லலாம். சி2 என்றால் கேட்பது படிப்பது எதிலும் சிரமம் இல்லை. அதைவிட எனக்குப் பிடித்தது, கேட்பதற்கும் படிப்பதற்கும் உரையாடுவதற்கும் தனித்தனிப் படி போட்டுக்கொள்ளலாம். ஒரே ஆள் கேட்பதில் சி1, எழுதுவதில் ஏ1 என்று இருக்கலாம். அது கேவலமில்லை.

என் சித்தி மகள் நர்ஸ். ஜெர்மனி போக பி1, பி2 கேட்கிறார்கள் என்று டூட்டி முடிந்து இந்திராநகரில் ஜெர்மன் வகுப்புக்கு ஓடுகிறாள். ஃபிரிட்ஜ் கதவில் வினைச்சொல் அட்டவணை ஒட்டியிருக்கிறாள். பி1 பாஸானதும் வீட்டில் கேக் வெட்டினோம். அவள் ரெஸ்யூமில் ஜெர்மன் பி1 என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஹாஸ்டலில் மலையாளி நர்ஸ்களோடு இருந்து கற்ற மலையாளம் இருக்கிறதே, அதில் கனவே காண்கிறாள், தூக்கத்தில் ‘அய்யோ எந்தா இது’ என்று உளறுகிறாள் என்று சித்தி சொல்கிறார். அதை ரெஸ்யூமில் காணோம். ஏண்டி என்றால், “அதுக்கு சர்டிஃபிகேட் இல்லையேக்கா.”

என் படிவத்தையும் சொல்லிவிட வேண்டும், நியாயம்தானே. பிறந்தது அல்சூர். 1809-ல் வெள்ளைக்காரப் பட்டாளம் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து இங்கே மாறிவந்த பிறகு அவர்களுக்கு மூட்டை தூக்க, சமைக்க, கட்டடம் கட்ட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்களின் பேட்டை. கன்டோன்மென்ட்டும் மைசூர் மகாராஜாவின் பெங்களூர் நகரமும் தனித்தனி நிர்வாகமாக இருந்து 1949-ல்தான் ஒரே நகராட்சியாயின. அதுவரைக்கும் இந்தப் பக்கம் தமிழும் இங்கிலீஷும், அந்தப் பக்கம் கன்னடம் என்று ஓடியிருக்கிறது. எங்கள் தாத்தா கடைசிவரை சிட்டி மார்க்கெட் போவதை “ஊருக்குப் போயிட்டு வரேன்” என்பார்.

எனக்குப் பள்ளியில் ஆங்கிலம், கன்னடம், இந்தி. தமிழ் கிடையாது. தமிழ் எழுத்து அப்பா வாங்கும் தினத்தந்தியில் வந்தது. தலைப்புச் செய்தி பெரிய எழுத்தில் இருந்ததால் முதலில் படிக்கப் பழகியது கொலை, கொள்ளை, விபத்து. ‘பரபரப்பு’ என்ற வார்த்தையை எழுத்துக்கூட்டாமல் படித்த பிறகுதான் என் பெயரையே தமிழில் எழுதினேன். இன்றைக்கும் கன்னடத்தை வேகமாகப் படிப்பேன். தமிழில் படிப்பது மெதுவாக. ஆனால் கோபம் வந்தால், வயிறு வலித்தால், சாமி கும்பிட்டால் தமிழ். இந்த வலைப்பதிவையே தமிழில் எழுதுவது பழக்கம் விட்டுப்போகாமல் இருக்கத்தான். ளகர ழகரத்தை யாராவது திருத்தினால் கோபிக்க மாட்டேன்.

என் கன்னடத்துக்கு முதல் டெஸ்ட் வைத்தது எந்தக் கம்பெனியும் இல்லை. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம். எனக்கு எட்டு வயது. அடங்கின பிறகும் சில வாரம் அப்பா பஸ்ஸில் வாயே திறக்கமாட்டார். அவருக்குக் கன்னடம் நன்றாகவே வரும், மில்லில் நாள் முழுக்கப் பேசியதுதான். ஆனால் இரண்டு வாக்கியத்தில் தமிழன் என்று தெரிந்துவிடும். அதனால் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்பது என் வேலை. காசை என் கையில் திணித்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்ப்பார். “எரடு சிவாஜிநகர கொடி, ஒந்து ஃபுல் ஒந்து ஹாஃப்” என்பேன். கண்டக்டர் சிரித்துக்கொண்டே கொடுப்பார். மார்க் ஷீட்டில் எம்டிஐ என்று எழுதும்போது சில சமயம் அப்பாவின் அந்த ஜன்னல் பக்கத்து முகம் வரும், எழுதிவிட்டு அடுத்த கால் எடுப்பேன். அதே 1991-ல் அல்சூர் ஏரிக்கரையில் வைத்த திருவள்ளுவர் சிலை, மூடின துணியோடு 2009 ஆகஸ்ட் வரைக்கும் நின்றது. அதைத் தாண்டித்தான் தினமும் பள்ளிக்கூடம் போவோம், உள்ளே இருப்பவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

அம்மா விஷயம் தனி. அம்மா கேஜிஎஃப், அதாவது கோலார் தங்கவயல் பிறப்பு. சாம்பியன் ரீஃப் லைன் வீடு. தங்கச் சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது, அதற்கு முன்பே கல்யாணமாகி இங்கே வந்துவிட்டார். லைனில் ஒரு பக்கம் தெலுங்குக் குடும்பங்கள். ஆந்திர எல்லை கூப்பிடு தூரம். அதனால் தமிழோடு தெலுங்கும் சேர்ந்தே வந்தது. கன்னடம் இங்கே காய்கறிக்காரரிடம். தக்னி, தவணைக்குப் புடவை கொண்டுவரும் பாயிடம். என் ஓனர் டெஸ்ட்டே நான் கண்டுபிடித்ததில்லை. அம்மா வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு பாயிடம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிக் கேட்பதைத் திண்ணையில் வீட்டுப்பாடம் எழுதியபடி கேட்டு வளர்ந்தவள் நான். முதலில் அவர் மகளுக்கு உடம்பு எப்படி என்று ஆரம்பிக்கும். நடுவில் இந்தத் தடவை சாயம் போகிறது என்று ஒரு குத்து வரும். தேதி கடைசியில்தான் வரும், அதுவும் பாய் வாயிலிருந்தே வரும். ஜெர்மன்காரர்கள் இதற்கு என்ன படி கொடுப்பார்களோ.

ஆனால் அம்மாவுக்கு ஒரு மொழியிலும் எழுத்து தெரியாது. தன் பெயரைத் தமிழில் எழுதுவார், அதோடு சரி. கன்னட பஸ் போர்டு மட்டும் படிப்பார், அதாவது பார்ப்பார். சிவாஜிநகரும் சாந்திநகரும் கன்னடத்தில் ஒரே மாதிரித் தொடங்கி ஒரே மாதிரி முடியும். தூரத்தில் பஸ் வரும்போதே எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். “முன்னாடியே ஒரு முட்டை இருந்தா சாந்திநகர். முட்டை இல்லேன்னா நம்ம பஸ்.” சாந்தி என்பதில் வரும் ‘ந்’துக்குக் கன்னடத்தில் ஒரு வட்டம் போடுவார்கள், அதைத்தான் சொல்கிறார். படிக்க என்ற காலத்தில் இதற்கு டிக் உண்டா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்த விஷயத்தில் எங்கள் ஆபீஸைவிடக் கருணை உள்ளது. தாய்மொழி தவிர வேறு என்ன மொழி தெரியும் என்று கேட்கும்போது, எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, புரிந்துகொண்டு பேசினாலே போதும் என்று கணக்கெடுப்பவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். கிருஷ்ணகிரி அம்மா அங்கே தைரியமாகச் சொல்லலாம். தாய்மொழி என்று யார் எதைச் சொன்னாலும் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும், வாதாடக்கூடாது. அப்படி எழுதி 2011-ல் வந்து குவிந்த தாய்மொழிப் பெயர்கள் மட்டும் 19,569. பிறகு டெல்லியில் உட்கார்ந்து சலித்துச் சேர்த்து 121 மொழிகள் என்று ஆக்கினார்கள். போஜ்புரி என்று சொன்ன ஐந்து கோடிப் பேர் இந்திக் கணக்கில் போனது அப்படித்தான். ஹாசன் பையன் தமிழ் என்று சொன்னால் தமிழ், யாரும் “இது தமிழா” என்று மெசேஜ் போடமாட்டார்கள்.

ஒரே ஒரு கஞ்சத்தனம். தாய்மொழி போக இரண்டு மொழிக்குத்தான் இடம். எது நன்றாகத் தெரியுமோ அது முதலில், அடுத்தது இரண்டாவதாக. நான்காவது மொழி தெரிந்தவர்கள் நாட்டில் எத்தனை பேர் என்று அந்தக் கணக்கில் பார்க்கவே முடியாது. இரண்டு மொழி பேசுகிறவர்கள் நூற்றுக்கு 26 பேர், மூன்று பேசுகிறவர்கள் 7 பேர் என்று 2011 கணக்கு சொல்கிறது. அல்சூர் பஜார் தெருவில் ஒரு காலைப்பொழுது நின்று பார்த்துவிட்டு அந்த 7-ஐப் படித்தால் சிரிப்பு வரும்.

அந்தக் கணக்கு எப்படி வந்தது என்பதும் எனக்குத் தெரியும். 2011-ல் எங்கள் வீட்டுக்கு வந்த டீச்சருக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்து அப்பாதான் பதில் சொன்னார். மொழி வந்ததும், “எல்லாருக்கும் ஒண்ணாவே போட்டுக்கங்கம்மா. தமிழ், கன்னடம், இங்கிலீஷ்.” அம்மா அடுக்களையில் இருந்தார். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. தெலுங்கும் தக்னியும் போய் இங்கிலீஷ் தெரிந்தவராகப் பதினைந்து வருஷமாக இந்திய அரசின் ஏட்டில் இருக்கிறார்.

அடுத்த கணக்கெடுப்பு 2027 என்று அறிவித்ததும் இந்தக் கதையை அம்மாவிடம் சொன்னேன். அந்தக் கேள்வி இந்தத் தடவையும் இருந்தால் தானே பதில் சொல்லிக்கொள்வதாக அறிவித்துவிட்டார். முதலில் தெலுங்கு, அதில் மாற்றமே இல்லை. இரண்டாவது இடத்துக்குத்தான் ஒரு வாரமாக வீட்டில் பஞ்சாயத்து. “கர்நாடகத்துல உக்காந்துக்கிட்டு கன்னடத்த விடுவியா?” என்று அப்பா. சரி, கன்னடமே போடு என்று நானும் சொன்னேன்.

“போடறேன். ஆனா பாய்கிட்ட யாரும் சொல்லாதீங்க,” என்றார் அம்மா. “இன்னும் ரெண்டு தவணை பாக்கி இருக்கு.”